தனிய இருக்கிற அம்மாவுக்கு அவசரப் பொத்தான்: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எது சரிவரும்?

(இணைய மன்றத்தில வந்த கேள்வியும் மறுமொழிகளும். ஒவ்வொரு பகுதிக்கு மேலயும் இருக்கிறது எழுதினவரின்ர புனைபெயர்.)

கொக்குவில் மகள்:

அம்மாவுக்கு 78 வயது. இரண்டு முழங்காலும் ஏலாது, பிரஷர் குளிசை எடுக்கிறா, காது கொஞ்சம் மந்தம். மறதி இல்லை. கொக்குவிலில கல்வீடு, பின்வளவில கிணறும் கக்கூசும், வீட்டிலயிருந்து ஒரு 20 மீற்றர். இரவில கேற் பூட்டு. பக்கத்து வீட்டில ஒரு குடும்பம் இருக்கினம், நல்ல சனம். பிள்ளைகள் நாங்கள் ரொறன்ரோவிலயும் லண்டனிலயும். இங்க மாதக் கட்டணத்துக்கு விக்கிற கழுத்துப் பொத்தானை வாங்கி அனுப்பலாமோ, அல்லது அங்கேயே வாங்கிறதோ? விழுந்தால் தானாய்க் கண்டுபிடிக்கிற மணிக்கூடு நல்லதோ? 40,000 ரூபா வரைக்கும் ஒதுக்கலாம்.

சிக்னல்:

தங்கச்சி, ரொறன்ரோச் சாமானை அனுப்பாதேங்கோ. மாதாமாதம் அங்க கட்டுற காசு பொத்தானுக்கு இல்லை. பொத்தானை அமத்தினால் மற்றப் பக்கத்தில 24 மணித்தியாலமும் ஆள் இருந்து கதைக்கிற நிலையத்துக்குத்தான் அந்தக் காசு. அந்த நிலையம் அங்கத்த அவசர இலக்கமான 911க்கு அறிவிக்கும். கொக்குவிலுக்கு அம்புலன்ஸ் கூப்பிட அவைக்கு வழியில்லை. பொத்தானும் பெரும்பாலும் அந்த நிலையத்தின்ர சிம்மோட பூட்டி வரும், எங்கட சிம்மைப் போடேலாது.

பூட்டு இல்லாட்டிலும் அலைவரிசை இடிக்கும். அமெரிக்க, கனடாச் சாமான்கள் 4ஜியில பாண்ட் 2, 4, 12 எண்டு வரும். இலங்கையில பாண்ட் 3, அதாவது 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை, கட்டாயம் இருக்க வேணும். பெட்டியில "4ஜி" எண்டு மட்டும் போட்டிருந்தால் நம்பாதேங்கோ, பாண்ட் இலக்கத்தைப் பாருங்கோ. 4ஜியிலயே குரல் அழைப்புப் போகுமோ, அதாவது வோல்டீ இருக்கோ எண்டும் கேளுங்கோ. சில மலிவுச் சாமான்கள் 4ஜியைத் தரவுக்கு மட்டும் வச்சுக்கொண்டு, கதைக்க 2ஜிக்கு இறங்கும். இண்டைக்கு அது வேலை செய்யும், 2ஜியை நிப்பாட்டுற நாளில ஊமையாகிப் போகும்.

லண்டன்காரருக்கும் ஒண்டு. அங்க தரைவழித் தொலைபேசியை 2027 சனவரியோட முழுக்க டிஜிட்டலாக்கிறதா அறிவிச்சிருக்கினம். அதாலை போன் லைனில குத்துற பழைய பெட்டிகள் அங்க கழிபடும். மலிவாய் வருது எண்டு அனுப்பாதேங்கோ, அதுக்குள்ளயும் அங்கத்த நிலையத்தின்ர இலக்கம்தான் பதிஞ்சிருக்கும்.

சிம் போடுற எந்தச் சாமானுக்கும் ஐஎம்இஐ எண்டு 15 இலக்கம் இருக்கும். IMEI எண்ட அந்த நாலெழுத்தை ஆங்கிலத்தில அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிவாகியிருக்கோ எண்டு மறுமொழி வரும். காசு குடுக்க முதல் கடையில நிண்டே இதைச் செய்விக்கலாம்.

தாதி அக்கா:

சாமானைத் தெரிவு செய்ய முதல் ஒரு விஷயம் பேச வேண்டும். அம்மா அமத்துகிறா, யாருக்கோ மணி அடிக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஆள் வீட்டுக்குள் எப்படி வருவார்?

எங்கள் பக்கத்தில் இரவில் கேற்றுக்கு ஆமைப்பூட்டு, விறாந்தைக் கிறிலுக்கு இன்னொரு பூட்டு, கதவுக்கு உள்ளால் தாழ்ப்பாள். பக்கத்து வீட்டில் மாற்றுத் திறப்பு கொடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் உள்ளால் தாழ்ப்பாள் போட்டிருந்தால் அந்தத் திறப்பால் பிரயோசனம் இல்லை. சில பூட்டுகளில் உட்பக்கத்தில் திறப்பைச் செருகியபடியே விட்டாலும் வெளியால் திறக்காது. ஒரு கதவை, பெரும்பாலும் குசினிக் கதவை, வெளியால் திறப்புப் போட்டுத் திறக்கக்கூடிய பூட்டாக மாற்றி, அதன் தாழ்ப்பாளைக் கழற்றி விடுங்கள். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பொத்தான் அதற்குப் பிறகு.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், விழுந்த அடியை விட விழுந்து கிடக்கிற நேரம் பல வேளை கூடுதல் கேடு செய்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சீமெந்து நிலத்தில் அசையாமல் கிடந்தால், அழுத்தம் பட்ட இடத்தில் தோல் புண்ணாகத் தொடங்கும், நசிந்த தசையில் இருந்து வருகிற கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும், தண்ணீர் இல்லாமல் உடம்பு வறளும். கதவு திறக்க ஆகிற நேரமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கொக்குவில் மகள்:

தாழ்ப்பாளைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை அக்கா. முன்கதவு, பின்கதவு இரண்டுக்கும் தாழ்ப்பாள்தான். பக்கத்து வீட்டு அண்ணையிட்டச் சொல்லிக் குசினிக் கதவை மாத்துவிக்கிறம். இனி என்ன வகைப் பொத்தான் எண்டு சொல்லுங்கோ.

வயர்மன்:

எங்கட வீடுகளுக்குப் பொருந்துறது மூண்டு வகை.

முதலாவது, பொத்தானும் மணியும் மட்டும். 433 மெகாஹேர்ட்ஸில வேலை செய்யும், மணியைச் சுவரில குத்தி விடுறது. போன் இல்லை, சிம் இல்லை. வீட்டில ஆள் இருந்தால் இது போதும். உங்கட அம்மா தனிய, ஆனால் மணியைப் பக்கத்து வீட்டில குத்தி வச்சால் இதுவே மிக வேகமான வழி. வேலிக்கு அந்தப் பக்கம் நேரடியாய் அடிக்கும், எந்தக் கொம்பனியின்ர ரவரும் தேவையில்லை.

இரண்டாவது, சிம் போடுற பெட்டி, அதோட இரண்டு மூண்டு கம்பியில்லாப் பொத்தான். அமத்தினால் பெட்டி நீங்கள் பதிஞ்ச இலக்கங்களுக்கு வரிசையாய் அழைக்கும், பெட்டியின்ர ஒலிபெருக்கியால கதைக்கலாம். மூண்டாவது, சிம்மும் ஜிபிஎஸும் பொத்தானுக்குள்ளயே இருக்கிறது. கோயில், சந்தை எண்டு வெளிய திரியிற ஆக்களுக்கு அது வேணும், ஆனால் இரண்டு மூண்டு நாளுக்கொருக்கால் சார்ஜ் போட வேணும். முதல் இரண்டு வகையின்ர பொத்தானுக்குள்ள சீஆர் 2032 போல சின்னப் பற்றரி, ஒரு வருசம், அதுக்கு மேலயும் கிடக்கும். கூடுதலாய் வீட்டோட இருக்கிற 78 வயது ஆளுக்கு இரண்டாவது வகைதான் என்ர தெரிவு, காசு மிஞ்சினால் முதலாவதையும் சேருங்கோ.

இனித் தூரம். பெட்டியில "300 மீற்றர்" எண்டு அடிச்சிருக்கும். அது வெறும் வெளியில நிண்டு பாத்த கணக்கு. கல்லுச் சுவர் ஒவ்வொண்டும் குறைக்கும், கம்பி போட்ட கொங்கிறீற் பிளேற் கூடக் குறைக்கும், தகரக் கதவு கிட்டத்தட்ட மறிச்சே போடும். ஓட்டுக் கூரை பெரிசாய்த் தடுக்காது. அதாலை பெட்டியை முன் விறாந்தையில வைக்காமல் குசினி யன்னலோரம், கிணத்தடியைப் பாத்தபடி, இடுப்புக்கு மேல உயரத்தில வையுங்கோ.

சோதிக்கிற முறைதான் முக்கியம். பொத்தானில ஒரு சின்ன லைற் எரியும். சனம் அதைப் பாத்திட்டுப் போயிட்டுது எண்டு நினைக்கும். மலிவான பொத்தானில அந்த லைற் "நான் அனுப்பிட்டன்" எண்டுதான் சொல்லும், "பெட்டிக்குக் கிடைச்சிட்டுது" எண்டு சொல்லாது. ஒராள் பெட்டியடியில நிக்க வேணும். மற்ற ஆள் கக்கூசுக்குள்ள போய்க் கதவைச் சாத்தி, நிலத்தில குந்தி, பொத்தானை நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவில பிடிச்சுக்கொண்டு பத்துத் தரம் அமத்த வேணும். உடம்பில தண்ணி இருக்கிறதாலை உடம்பே அலையை உறிஞ்சும், குப்புற விழுந்தால் பொத்தான் அடியில கிடக்கும், அதுக்குத்தான் இப்பிடி. பத்துக்குப் பத்தும் வர வேணும். எட்டு வந்தால் பெட்டியை நகத்தி வச்சுத் திரும்பச் செய்யுங்கோ. கிணத்தடியிலயும் தோய்க்கிற கல்லுக்குப் பின்னால குந்தி இதே மாதிரி.

பருத்தித்துறையான்:

மணிக்கூட்டை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? ஆள் மயங்கினால் பொத்தானை ஆர் அமத்திறது? அப்பிள் மணிக்கூட்டில 4ஆம் தொடரிலயிருந்து விழுகையைக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கு. பலமாய் விழுந்து ஒரு நிமிசம் அளவில அசையாமல் கிடந்தால் தானாய் அவசர சேவைக்கு அழைக்கும், பதிஞ்ச ஆக்களுக்கும் செய்தி போகும். வயது 55க்கு மேல எண்டு பதிஞ்சால் அது தானாகவே ஓன் ஆகியிருக்கும்.

வயர்மன்:

அண்ணை, மயக்கத்துக்கு நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் அதுக்கு ஐபோனும் வேணும், 40,000க்குள்ள நிக்காது. காசை விட்டிட்டும் பாப்பம்.

விழுகையை அறியிற சாமான் இரண்டு விஷயம் பாக்கும்: சடாரெண்டு ஒரு அடி, பிறகு அசைவில்லாமை. முழங்கால் ஏலாத ஆக்கள் பல நேரம் அப்பிடி விழுறேல்லை. சுவரைப் பிடிச்சபடி வழுக்கி இறங்கி இருந்திடுவினம், எழும்ப ஏலாது. அதில அடியே இல்லை, சாமான் அறியாது. மற்றப் பக்கம், கையில கட்டினால் கல்லில உடுப்பு அடிச்சுத் தோய்க்கேக்க, உரலில இடிக்கேக்க அதுக்கு விழுந்த மாதிரித் தெரியலாம். கழுத்தில தொங்கிறதில பொய் அலாரம் குறைவு, ஆனால் கழட்டி மேசையில போட்டால் அதுவும் அடிக்கும். கிழமைக்கு நாலு பொய் அலாரம் வந்தால் பக்கத்து வீட்டுச் சனம் ஐஞ்சாவதுக்கு ஓடி வராது. அதாலை விழுகை அறிதல் இருந்தால் நல்லது, அதை நம்பி வாங்காதேங்கோ. அமத்திற பொத்தான் கட்டாயம்.

தாதி அக்கா:

மணிக்கூட்டில் இன்னொரு சிக்கல் சார்ஜ். ஒவ்வொரு நாளும் போட வேண்டும், எல்லோரும் படுக்கப் போகும்போது கழற்றிப் போடுவார்கள். பிரஷர் குளிசை எடுக்கிறவர்கள் இரவு இரண்டு மணிக்குச் சலத்துக்கு எழும்பும்போதுதான் பிரஷர் இறங்கித் தலை சுற்றி விழுகிறார்கள். அந்த நேரம் மணிக்கூடு மேசையில் கிடக்கும். சார்ஜ் போடுகிற எந்தச் சாமானையும் பின்னேரம் ரீவிக்கு முன்னால் இருக்கிற நேரத்தில் போடப் பழக்குங்கள். எழும்பும்போது கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள். இரவுக்குக் கட்டிலடியில் கொமோட் கதிரை ஒன்று இருந்தால் அந்த 20 மீற்றர் நடையே இல்லாமல் போகும்.

கழுத்து நாடா இழுத்தால் கழன்றுவிடுகிற கொளுவி உள்ளதாக இருக்க வேண்டும். யன்னல் கொண்டியில் கொளுவுப்பட்டால் கழுத்தை இறுக்கக்கூடாது. தாலிக்கொடி, சங்கிலியோடு சிக்குப்படுகிறது என்று கழற்றி வைக்கிற அம்மாக்கள் நிறைய, அவர்களுக்குக் கைப்பட்டி நல்லது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால், காந்தத்தால் ஒட்டுகிற சார்ஜர் உள்ள சாமானை நெஞ்சில் இருந்து 15 சென்ரிமீற்றருக்கு அப்பால் வைத்திருக்க வேண்டும்.

சிக்னல்:

சிம் பெட்டி எண்டு முடிவெடுத்தால், சனம் வழமையாய் மாட்டுப்படுற இடங்களைச் சொல்லுறன்.

சிம்மை முதல் ஒரு சாதாரண போனில போடுங்கோ. சிம்முக்கு இலக்கப் பூட்டு (PIN) இருந்தால் எடுங்கோ, பழைய விளம்பர எஸ்எம்எஸ் எல்லாத்தையும் அழியுங்கோ, ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கோ. பிறகுதான் பெட்டிக்குள்ள. எந்தக் கொம்பனி எண்டு என்னட்டக் கேக்காதேங்கோ. பெட்டி இருக்கப்போற அதே யன்னலடியில, கதவெல்லாம் சாத்தி, அயலட்டையின்ர போன்களில எது நல்லாய் இழுக்குது எண்டு பாத்து எடுங்கோ. ப்ரீபெய்ட் சிம் ரீலோட் போடாமல் விட்டால் ஒரு நாள் செத்துக் கிடக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. மாதப் பில் சிம் பாதுகாப்பு.

இனி அழைப்பு வரிசை. பெட்டி முதல் இலக்கத்துக்கு அழைக்கும், எடுக்காட்டில் அடுத்ததுக்குப் போகும். ஆனால் முதல் ஆளின்ர போன் ஓவ் ஆகி வொயிஸ்மெயில் எடுத்தால், பெட்டிக்கு அது "ஆள் எடுத்திட்டார்" எண்டு அர்த்தம். அம்மா நிலத்தில கிடக்க, பெட்டி வொயிஸ்மெயிலோட கதைச்சு முடிச்சிடும். இதுக்கு மருந்து இரண்டு. எடுத்த ஆள் 1ஐ அமத்தினால்தான் வரிசையை நிப்பாட்டுற பெட்டியாய் வாங்குங்கோ. அதோட வரிசையில உள்ள ஒவ்வொருத்தரின்ர போனிலயும் ##002# எண்டு அடிச்சு, வொயிஸ்மெயிலுக்குப் போற அழைப்பு மாத்தல்கள் எல்லாத்தையும் எடுத்து விடுங்கோ.

1990ஐ, அதாவது அம்புலன்ஸ் இலக்கத்தை, பெட்டியில பதியாதேங்கோ. அங்க எடுக்கிறவர் கேள்வி கேப்பார், பெட்டியில பதிவு செய்த குரல் மறுமொழி சொல்லாது, பொய் அலாரத்துக்கும் வண்டி வெளிக்கிட வேண்டி வரும். மனிசர்தான் அழைக்க வேணும். வெளிநாட்டு இலக்கம் கடைசியில, அதுக்குச் சிம்மில ஐடிடி (வெளிநாட்டு அழைப்பு) வசதியும் மீதியும் இருக்க வேணும். வரிசை இப்பிடி: பக்கத்து வீடு, அதே ஒழுங்கையில இன்னொரு வீடு, மோட்டசைக்கிளில பத்து நிமிசத்தில வரக்கூடிய சொந்தக்காரர், பிறகு நீங்கள். யாழ்ப்பாணத்தில காலமை பத்து மணி எண்டால் ரொறன்ரோவில கோடையில நடுச்சாமம் பன்னிரண்டரை. ஆனால் இங்க விடியப்புறம் இரண்டு மணிக்கு அங்க பின்னேரம் நாலரை, முழிச்சிருப்பியள். அதாலை உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் சேத்து வரச் செய்யுங்கோ.

கடவுச்சொல்லை மாத்துங்கோ. இப்பிடியான பல பெட்டிகள் எஸ்எம்எஸ்ஸால கட்டளை எடுக்கும், கொம்பனியில போட்டு விடுறது 123456. அதை விட்டால் இலக்கம் தெரிஞ்ச எவனும் உங்கட வரிசையை அழிக்கலாம். வாற அழைப்பைப் பெட்டி தானாய் எடுக்கிற வசதியையும் பதிஞ்ச இலக்கங்களுக்கு மட்டும் எண்டு கட்டுங்கோ, இல்லாட்டில் அம்மா வீட்டில கதைக்கிறதை வெளியாள் கேக்கலாம்.

ஜிபிஎஸ் உள்ள பொத்தான் வாங்கிறவைக்கு ஒண்டு. முதல் எஸ்எம்எஸ்ஸில வாற இடத்தைப் பாருங்கோ. யாழ்ப்பாணம் எண்டால் முதல் எண் 9இல தொடங்கும், இரண்டாவது 80க்குக் கிட்ட. 22.5, 114 எண்டு வந்தால் அது சீனாவின்ர சென்சென். சாமான் இன்னும் வானத்தைப் பாக்கேல்லை, செய்த ஊரைத்தான் சொல்லுது. திறந்த முற்றத்தில கால் மணித்தியாலம் வையுங்கோ.

கரண்ட் போனால்:

ஒருத்தரும் பற்றரியைப் பற்றிச் சொல்லேல்லை. 2022இல நாளுக்குப் பல மணித்தியாலம் வெட்டினது மறந்திருக்காது. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க ஒரேயடியாய்ப் போனது. வைஃபையால வேலை செய்யிற பொத்தான் எண்டால் கரண்ட் போன அந்தச் செக்கனில றவுட்டரோட சேந்து அதுவும் போகும். பைபர் றவுட்டருக்கு 12 வோல்ற் மினி யூபிஎஸ் போடலாம், முனை அளவு 5.5க்கு 2.1 மில்லிமீற்றரோ 2.5ஓ எண்டு பாத்து வாங்குங்கோ. 2.1 முனை றவுட்டரின்ர 2.5 ஊசியில ஏறாது. 2.5 முனை 2.1 ஊசியில ஏறும், ஆனால் தளர்வாய் நிண்டு விட்டு விட்டு வேலை செய்யும்.

சிம் பெட்டிக்குள்ள பற்றரி இருக்கும். எத்தினை மணித்தியாலம் எண்டு பெட்டியில போட்டிருக்கிறதை விட்டிட்டு, ஒரு பின்னேரம் ஆறு மணிக்குப் பிளக்கைக் கழட்டி, அடுத்த நாள் காலமை ஆறுக்கு அமத்திப் பாருங்கோ. அழைப்புப் போனால் சரி. எங்கட வெக்கையில லிதியம் பற்றரி இரண்டு மூண்டு வருசத்தில ஊதலாம். மூடி எழும்பி நிண்டால் கழட்டி எறியுங்கோ, அமத்தி மூடாதேங்கோ.

சார்ஜ் போடுற பொத்தானுக்கு எங்கட கிணத்துத் தண்ணி எதிரி. ஐபி67 எண்டால் ஒரு மீற்றர் தண்ணிக்குள்ள அரை மணித்தியாலம் தாங்கும் எண்டு அர்த்தம், அது நல்ல தண்ணிக் கணக்கு. சுண்ணாம்பும் சவரும் சவர்க்காரமும் சேந்து, பொத்தானின்ர பின்பக்கத்தில சார்ஜ் ஏறுற இரண்டு பித்தளைப் புள்ளியிலயும் முதல் வெள்ளையாய்ப் படியும், பிறகு பச்சை பிடிக்கும். சார்ஜ் லைற் எரியிற மாதிரித் தெரியும், ஏறாது. கிழமைக்கொருக்கால் பஞ்சில கொஞ்சம் ஸ்பிரிற் தொட்டுத் துடைச்சு, காய விட்டுப் போடுங்கோ.

நெடுந்தீவு:

தீவுப் பக்கத்து ஆக்கள் இந்த இழையை வாசிச்சால்: வேலணை, புங்குடுதீவுக்குத் தெருவால வண்டி வரும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுக்குக் கடல் குறுக்க கிடக்கு. எங்கட வரிசையில முதல் இலக்கம் பக்கத்து வீடு, இரண்டாவது உள்ளூர் ஆஸ்பத்திரி. படகு வச்சிருக்கிற ஒருத்தரின்ர இலக்கமும் சேர வேணும்.

தாதி அக்கா:

மணி கேட்டு ஓடி வருகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன செய்வது என்று தெரிய வேண்டும். ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டிக்கு மேல் ஒட்டுங்கள். ஒழுங்கையின் பெயர், எந்தச் சந்தியால் திரும்புவது, கிட்ட இருக்கிற கோயில், கேற்றின் நிறம். அம்மாவின் வயது, வருத்தங்கள், குளிசைகளின் பெயர், ஒவ்வாத மருந்து. 1990 இலவச சேவை, வடக்குக்கு 2018இல் வந்தது. அழைத்தால் இடம், என்ன நடந்தது, அறிவு இருக்கிறதா, மூச்சு வருகிறதா என்று கேட்பார்கள். ஒருவர் சந்தியில் ரோர்ச்சோடு நிற்கட்டும், ஒழுங்கை தேடுகிற நேரம் மிச்சம். ரொறன்ரோவில் இருந்து 1990 என்று அடித்தால் போகாது, நீங்கள் பக்கத்து வீட்டை எழுப்பி அவர்களைக் கொண்டுதான் அழைக்க வேண்டும்.

மட்டையின் கீழே இதையும் எழுதுங்கள்: உடனே தூக்காதேங்கோ. ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கும். அசைக்காமல், தலைக்கு ஒரு துணி வைத்து, சீலை போர்த்தி, வண்டி வரும்வரை கூட இருங்கள். சாப்பிடக் குடிக்கக் கொடுக்காதேங்கோ, சத்திரசிகிச்சை தேவைப்படலாம். தலை அடிபட்டு, இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் எடுக்கிறவர் என்றால், எழும்பி நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொத்தான் சரிவராது. அது என்ன என்றே மறந்துவிடும். அவர்களுக்குக் கட்டிலில் இருந்து எழும்பினால் அறிகிற பாய், கதவு திறந்தால் அடிக்கிற மணி என்று வேறு வழி.

கொக்குவில் மகள்:

சரி, இப்பிடிச் செய்யப் போறம். குசினிக் கதவுப் பூட்டு இந்தக் கிழமை. சிம் பெட்டி, 1 அமத்தினால் நிக்கிற வகை, குசினி யன்னலில. ஒரு கைப்பட்டிப் பொத்தான் அம்மாவுக்கு, கக்கூசுச் சுவரில ஒட்ட இன்னொண்டு. பக்கத்து வீட்டில தனி மணி. மணிக்கூடு வேண்டாம். அம்மாவுக்குக் காது மந்தம் எண்டதால பெட்டியின்ர சத்தம் கிணத்தடிக்குக் கேக்காது, அதுக்கு என்ன செய்யலாம்?

வயர்மன்:

கிணத்தடியில கதைக்க ஏலாது எண்டே வச்சுக்கொள்ளுங்கோ. பெட்டி அழைச்சுப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து, மறுமொழி கேக்காட்டில், ஓட வேணும் எண்டு இப்பவே பேசி வையுங்கோ. "கதைக்கேல்லை, அதாலை பிழையாய் அமத்தியிருப்பா" எண்டு நினைக்கிற பழக்கம் வரக்கூடாது. அம்மாவுக்கும் சொல்லுங்கோ: பிழையாய் அமத்துப்பட்டால் பேசாமல் இருக்காமல், வேலியடிக்கு வந்து ஒரு குரல் குடுக்கட்டும். வெக்கப்பட்டுப் பொத்தானைக் கழட்டி வச்சிடுவா, அதையும் கவனியுங்கோ.

மாதம் ஒருக்கால் சோதனை. போயா லீவு எண்டால் பக்கத்து வீட்டில ஆள் நிப்பினம், அம்மாவுக்கும் பறுவம் மறக்காது. அண்டைக்கு அம்மாவே அமத்தட்டும், நீங்கள் அமத்திக் காட்டாதேங்கோ. மூட்டு வலிக்கிற விரலுக்கு அந்தப் பொத்தான் இறுக்கமோ எண்டு அப்பதான் தெரியும்.

கக்கூசுச் சுவரில ஒட்டுறதை எல்லாரும் லைற் சுவிச்சுக்குப் பக்கத்தில ஒட்டுவினம். நிலத்தில கிடக்கிற ஆளுக்கு அது எட்டாது. நிலத்திலயிருந்து ஒரு முழத்துக்கு மேல போகாமல், கதவு திறந்தால் இடிக்காத பக்கத்தில, தண்ணி வாளி வைக்காத மூலையில ஒட்டுங்கோ. இழுக்கிற கயிறு உள்ள வகை கிடைச்சால் இன்னும் நல்லம், கயிற்றின்ர நுனி நிலத்திலயிருந்து நாலு விரல் உயரத்தில தொங்கட்டும்.